வெறுங்கால் கடைசியில் எழும்

கோயமுத்தூரில் அப்போது கம்பெனி கம்பெனியாக ஏறிக் கார்பெட் கழுவுகிறவர்கள் ஏழு பேர் இருந்தோம், அந்த ஏழு பேரில் மெஷின் மட்டமானதும் வாய் பெரியதும் என்னுடையதுதான். வேலப்பன் என்றால் யாருக்கும் தெரியாது, வெண்மதி கார்பெட் கிளீனிங் என்றால் கொஞ்சம் பேருக்குத் தெரியும், ரேட்டைக் குறைத்த லாட்ஜ் மேனேஜரின் கார்பெட்டில் கழுவியெடுத்த அழுக்குத் தண்ணியையே திரும்ப ஊற்றிவிட்டு வந்தவன் என்றால் எல்லோருக்கும் தெரியும். எட்டாவதில் பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது, திருப்பூர் சாயப்பட்டறை பிடித்துக்கொண்டது, அங்கே முழங்கை வரை நீலமாகி, பிறகு உக்கடம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கித் தோள் காய்த்து, பிறகு இரண்டு ஓட்டலில் அடிவாங்கி, இத்தனைக்கும் நடுவில் விலை பேசுவது ஒன்றைத்தான் படித்தேன். எதிராளி முதலில் சொல்கிற விலையைக் காதில் வாங்கக் கூடாது, இரண்டாவது சொல்வதற்குச் சிரிக்க வேண்டும், மூன்றாவது சொல்லும்போது அவன் கண்ணைப் பார்க்க வேண்டும். என் படிப்பு அவ்வளவுதான்.

வீடுகளை நம்பி இந்தத் தொழில் நடக்காது. வீட்டில் இருப்பது ஒரு கார்பெட், அதையும் சம்பந்தி வீட்டார் வரும்போதுதான் கழுவுவார்கள். கம்பெனி வேண்டும், பேங்க் வேண்டும், மண்டபம் வேண்டும். அவர்களோ கார்டைக் கொடுத்தால் வாங்கி மேசை டிராயரில் போட்டுக்கொள்வார்கள், அந்த டிராயரில் ஏற்கெனவே மற்ற ஆறு பேரின் கார்டும் இருக்கும். அதனால் நான் ஒரு வழி வைத்திருந்தேன். கையைக் காலைப் பிடித்து உள்ளே நுழைந்து, எல்லோரும் நடக்கிற இடத்தில், ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்கு ஒரு கட்டத்தை மட்டும் இலவசமாகக் கழுவிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிடுவேன். அதற்குப் பெயர் சாம்பிள் கட்டம். மறுநாள் அந்த ஆபீசுக்கு வருகிறவர்கள் முதலில் அந்தக் கட்டத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் மிச்ச கார்பெட்டைப் பார்ப்பார்கள், அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் போன் வரும். மனுசரைக் கூசவைத்து வேலை பிடிப்பதுதான் என் தொழில், கழுவுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஒரு புரட்டாசிச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, கிராஸ்கட் ரோட்டில் மாடியிலிருந்த ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் சாம்பிள் கட்டம் கழுவிக்கொண்டிருந்தோம். என்னோடு முதலிலிருந்து இருக்கிற காதர் பாய் ஈரத்தை உறிஞ்சுகிற வாக்குவம் மெஷினைப் பிடித்திருந்தார். நுரையை இழுத்த இடத்தில் ஒரு ஷூவின் தடம், காய்ச்சின பாலில் ஏடு பிரிகிற மாதிரி கார்பெட்டை விட்டுப் பிரிந்து எழுந்தது. பக்கத்தில் அதன் ஜோடியும் எழுந்தது. புழுதி நிறம், ஈரம், கனமே இல்லை, மேலே ஆள் இல்லை. பின்னாலேயே ஒரு பெண்ணின் குதிகால் செருப்பு எழுந்தது, அதற்கும் பின்னால் ரப்பர் செருப்புகள் இரண்டு ஜோடி. விழுந்த அன்றைக்கு எந்தப் பக்கம் பார்த்து நின்றனவோ அந்தப் பக்கம் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, எல்லாம் வரிசையாக வெளியே நடந்தன. வாசலில் இருந்த வாட்ச்மேன் நகர்ந்து வழிவிட்டு என்னைக் கேட்டார்:

"லிப்ட்ல போகுங்களா, படியிலயா?"

"படியிலதான் போகும்போலங்க."

"அப்பச் செரி. லிப்ட் ரிப்பேரு."

அவை எங்கே போகின்றன என்பது பத்து நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது. அந்தக் கார்பெட்டில் நின்ற நேரத்தில் அந்த ஆளுக்கு எங்கே போகவேண்டுமென்று மனசு கிடந்து அடித்துக்கொண்டதோ அங்கேதான் போயின. வீட்டுக்குப் போனவை பாதி. டீக்கடைக்குப் போனவை கால்வாசி. மிச்சத்தில் சில பிரசவ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போயின, சில மருதமலை அடிவாரம் வரை போய் ஏறாமல் நின்றன, ஒரு கேஷியரின் தடம் ரயில்வே ஸ்டேசனுக்குப் போய் முதல் பிளாட்பாரத்தில் தினம் ஒரு ரயிலை விட்டுக்கொண்டே இருந்தது. உரிய ஆள் தேடிவந்து பக்கத்தில் நின்றால் தடம் உப்புக் கரைகிற மாதிரி கரைந்துவிடும். ஆள் வராவிட்டால் மழையானாலும் வெயிலானாலும் அங்கேயே நிற்கும். டவுன் பஸ் கண்டக்டர்கள் முதலில் ஏற்றமாட்டேன் என்றார்கள், பிறகு படியில் தொங்காமல் உள்ளே போனால் சரி என்றார்கள். பெருக்குகிற பெண்கள் தடத்தைச் சுற்றிப் பெருக்கப் பழகினார்கள். பேக்கரிக்காரர்கள், வந்து நிற்கிற தடத்துக்கு எதிரே ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள், உட்காராது என்று தெரிந்தும். நாய்கள் முதல் வாரம் குரைத்தன, இரண்டாம் வாரம் முகர்ந்தன, மூன்றாம் வாரம் தூங்கின.

சங்கடங்களும் இருந்தன. ஒரு மண்டபத்தில் ரிசப்ஷன் மேடைக் கார்பெட்டைக் கழுவினோம், ஒரு சீசன் முழுவதும் அதன்மேல் நின்ற மாப்பிள்ளைகளின் பளபள ஷூத் தடங்கள் எழுந்து முக்கால்வாசி நேராகப் பந்திக்குப் போயின, அதை எல்லோரும் சிரித்து ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் பொண்ணுகளின் குதிகால் தடங்களில் மூன்று ஜோடி மூன்று வேறு தெருக்களுக்குப் போய், யார் வீட்டு வாசலிலோ போய் நின்றபோது, மண்டபத்து முதலாளி என்னைக் கூப்பிட்டு, "வேலப்பா, இனிமே பெருக்குனாப் போதும், கழுவ வேண்டாம்" என்றார். நான் கத்தினேன். அவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

மண்டபம் போனால் போகட்டும் என்று ஆகிவிட்டது, ஏனென்றால் அதற்குள் கம்பெனிகள் வந்துவிட்டன. நான் படியேறிப் போய்க் கெஞ்சின கம்பெனிகள், என் கார்டை டிராயரில் போட்ட கம்பெனிகள், தாங்களாகப் போன் செய்து அவசரமாக வரச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் கார்பெட் புதுசு மாதிரி இருக்கும். "கழுவத் தேவையே இல்லீங்களே" என்று, தொழில் நேர்மை கொஞ்சம் மிச்சமிருந்த நாளில், ஒரு இடத்தில் வாய்விட்டுச் சொன்னேன். அந்த அம்மாள், ஆள் எடுக்கிற நீக்குகிற பிரிவில் பெரியவர், "நீங்க கழுவுங்க, எங்க ஆளுங்க வாசல்ல நிப்பாங்க" என்றார். வாசலில் செக்யூரிட்டிகள் ஸ்கூட்டரோடு நின்றார்கள். ஒவ்வொரு தடத்துக்குப் பின்னாலும் ஒரு ஸ்கூட்டர். எது எதிர்க் கம்பெனி கேட்டுக்குப் போகிறது, எது யூனியன் ஆபீசுக்குப் போகிறது, எது வேலை நேரத்தில் நின்ற தடமாக இருந்தும் சினிமாத் தியேட்டருக்குப் போகிறது என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். அடுத்த வாரம் சில மேசைகள் காலியாகும். அந்த மேசைக்கு அடியிலும் நாங்களே கழுவினோம்.

நான் விற்றது சுத்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் விலையை ஏற்றினேன். ஊர் அதற்கும் பழகிக்கொண்டது: ஆபீசுக்குப் போகிறவர்கள் கார்பெட்டில் கால் வைக்கும் முன் மனசை ஒரு நொடி நிறுத்தி, எங்கேயும் போகவேண்டாம், இங்கேயே இருக்கவேண்டும், இங்கேயே இருக்கவேண்டும் என்று ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டு நடந்தார்கள், சில வீடுகளில் காலையில் டிபன் பாக்ஸ் கொடுக்கும்போதே, "எங்கள நெனைக்காம வேலையப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார்கள்.

இப்படி இரண்டு வருசம் போன பிறகுதான் சரவணம்பட்டியில் பதினோரு மாடிக் கம்பெனி வந்தது. பதினோரு மாடியும் கார்பெட். அது ஒன்று கிடைத்தால் மற்ற ஆறு பேரும் கடையைச் சாத்தலாம். முன்வாசலில் செக்யூரிட்டி என்னை மூன்று தடவை திருப்பி அனுப்பினான், மூன்றாவது தடவை நான் அவன் குடும்பத்தையே திட்டிவிட்டுத் திரும்பும்போது, பின்வாசலில் இருந்து ஒரு குரல்.

"ஏந் தம்பி, இத்தன கோவத்தோட போயிக் கார்பெட்டுத் தேச்சா நூலு பிரிஞ்சு வந்துராதா?"

அமலோற்பவம். அந்தக் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வை, ஏஜென்சி ஆள், ஐம்பத்திநாலு வயசு, சாம்பல் நிற மேல்கோட்டுக்குள் சேலையை அள்ளிச் செருகியிருப்பாள். வாளியும் துடைப்பமும் போகிற வழியில் என்னை உள்ளே விட்டது அவள்தான். அட்மின் தலைவர் ரகோத்தமன் எந்தக் கிழமை நல்ல மனசோடு வருவார், எந்தக் கார்பெட்டில் எந்த மூலையில் காப்பி கொட்டியிருக்கிறது, சாம்பிள் கட்டத்தை எங்கே போட்டால் அவர் கண்ணில் படும், எல்லாம் சொன்னாள். எதுவும் கேட்கவில்லை. நான் அக்கா என்றேன், அதற்கே ஒரு சிரிப்பு சிரித்தாள். கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லையாம்.

ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் கார்பெட்டில் செருப்புப் போடக் கூடாது. சர்வீஸ் லிப்ட் பக்கத்தில் செருப்புகளைக் கழற்றி வரிசையாக விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் பதினோரு மாடியும் நடப்பார்கள்.

கடைசிக் கட்டத்தில் சென்னையிலிருந்து ஒரு பெரிய ஆள் போட்டிக்கு வந்தான். கொட்டேஷன் கொடுக்க எனக்கு அன்று மத்தியானம் வரைதான் நேரம். காலை எட்டரைக்கு அமலாக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, சென்னைக்காரன் கொட்டேஷன் வந்துருச்சாமே."

"நேத்தே வந்துருச்சுங்க தம்பி. சார் மேசை மேலதான் கெடக்குது."

"சதுர அடிக்கு எவ்வளவு போட்டிருக்கான்னு ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்த சத்தம் கேட்டது.

"மேசையத் தொடைக்கத்தான் நமக்குச் சொல்லியிருக்குது. படிக்கச் சொல்லலியே."

"கண்ண மூடீட்டா தொடைப்பீங்க?"

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டாள். "நாளைக்குக் கார்பெட்டுக் கழுவறப்ப என்ற காலு எந்திரிச்சு நின்னுச்சுன்னா?"

"ஷூவும் செருப்பும்தானக்கா எந்திரிக்கும். வெறுங்காலு எந்திரிக்காது. ரெண்டு வருசமாப் பாக்கறேன், ஒண்ணுகூட எந்திரிச்சதில்ல."

"நெசமாவா?"

அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. "ஒரு நம்பரப் பாத்துச் சொல்றதுக்கு இத்தன ரோசனையா? உங்கள அக்கா அக்கான்னு சும்மாவா கூப்பிட்டுட்டிருக்கறேன்?"

அவள் மேசைப் பக்கம் போனது எனக்குக் கேட்கவில்லை. கார்பெட்டில் வெறுங்கால் நடந்தால் சத்தம் வராது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எட்டே கால்."

நான் எட்டு போட்டேன்.

ரகோத்தமன் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தன்னுடைய அறையையே முழுசாகக் கழுவிக் காட்டச் சொன்னார். மத்தியானம் மூன்று மணி. கருநீலக் கார்பெட், கண்ணாடிச் சுவர், அறைக்கு வெளியே வராந்தாவில் அமலாக்கா வாளியோடு. நானும் காதர் பாயும் மெஷினைப் போட்டோம். ஷூத் தடங்கள் எழுந்தன. ரகோத்தமனுடையதே பதினைந்து ஜோடி எழுந்து ஊட்டி ரோட்டுப் பக்கம் போயின, அவர் வெட்கப்படவில்லை, "எஸ்டேட் ஒண்ணு பாத்துட்டிருக்கேன்" என்றார். மற்றவர்களுடையது போய் முடிந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் நான் கிளம்பிவிடுவேன். அடுத்த கம்பெனி, அடுத்த பேரம், காயவைப்பது காதர் பாய் வேலை. அன்றைக்கு ரகோத்தமன் காப்பி சொல்லி என்னை உட்காரவைத்தார்.

காதர் பாய், "மொதலாளி, கெளம்பலாமுங்களா" என்றார்.

"இருய்யா."

இன்னொரு தடவையும் சொன்னார். "மொதலாளி, மிச்சத்த நான் பாத்துக்கறேன், சாரக் கூட்டிட்டு நீங்க கீழ போயிப் பேசுங்க." நான் எல்லார் முன்னாலும் அவரைப் பார்த்து ஒரு சத்தம் போட்டேன். அவர் மெஷினின் வயரைச் சுற்றினார்.

கார்பெட் காய்ந்துகொண்டு வந்தபோது வெறுங்கால்கள் எழுந்தன. ஷூவை விடப் பதமாக, ஓசைப்படாமல், நூலுக்கு அடியிலிருந்து. குப்பைக்கூடையைச் சுற்றி, ஜன்னலுக்குக் கீழே, நாற்காலிகளுக்குப் பின்னால், மேசைக்கு அடியில்கூட, அகலமான சின்னக் கால்கள், குதிகாலில் வெடிப்புக் கோடுகள் தெளிவாக, இரண்டு வருசமாக அந்த அறையைத் துடைத்த அத்தனை நாளும் எழுந்து நின்றன. அதில் ஒரு ஜோடி மேசைக்கு இந்தப் பக்கம், விரல்கள் மட்டும். குதிகால் இல்லை. எட்டிப் பார்க்கிறவர்களின் கால்.

மற்றவை வழக்கம்போல் கிளம்பி சவுரிபாளையம் பக்கம், அவள் வீட்டுக்குப் போயின. அந்த விரல்கள் மட்டும் அங்கே போகவில்லை. நேராக வராந்தாவுக்குப் போய் வாளிக்குப் பக்கத்தில் நின்று, அவள் காலடியில் கரைந்தன. அந்த ஒரு நிமிசம் அவளுக்கு வேறு எங்கேயும் போகவேண்டியிருக்கவில்லை. வாளியிடம் திரும்பிப் போனால் போதும் என்று இருந்திருக்கிறது.

ரகோத்தமன் எழுந்து, மேசையோரம் விரல்கள் எழுந்த இடத்தில் தன் ஷூவை வைத்து நின்று, குனிந்து பார்த்தார். "இங்கிருந்து பாத்தா கொட்டேஷன் ஃபைல்தான் தெரியுது" என்றார். அமலாக்காவைக் கூப்பிட்டார்.

"படிச்சீங்களா?"

"படிச்சனுங்க சார்."

"யார்கிட்டச் சொன்னீங்க?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. இதை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. பார்த்திருந்தால் நான் கோபப்பட்டிருக்கலாம், அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்திருக்கலாம். அவள் வாளியைப் பார்த்தாள்.

"ஒருத்தருகிட்டயும் இல்லீங்க. கண்ணுல பட்டுச்சு, படிச்சுட்டேன்."

ரகோத்தமன் என் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் வேலப்பன், உங்களுக்கு இதைப் பத்தி ஏதாவது தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால்கூட அது ஒரு சாதாரணப் பொய். நான் அதோடு நிற்கவில்லை. மூன்றாவது விலை சொல்லும்போது எதிராளி கண்ணைப் பார்க்கவேண்டும் என்று படித்தவன் இல்லையா, அவர் கண்ணை நேராகப் பார்த்து, "இந்த மாதிரி ஆளுகள வச்சுட்டு நீங்க எப்படித்தான் சமாளிக்கறீங்களோ சார்" என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். எட்டு, எட்டே காலைவிடக் குறைவுதானே. அவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

வண்டியில் திரும்பும்போது காதர் பாயைக் கேட்டேன். "வெறுங்காலு எந்திரிக்கும்னு உமக்குத் தெரியுமா?"

"மொத நாள்லருந்தே தெரியும். அது கடைசிலதான் எந்திரிக்கும். நீங்க என்னிக்குக் கடைசி வரைக்கும் நின்னீங்க?"

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலியே. அதுவுமில்லாம அதுகபாட்டுக்கு எந்திரிச்சு வூட்டுக்குப் போயிரும், யாருக்கென்ன தொந்தரவு. அத எதுக்கு ஸ்கூட்டர்காரனுககிட்டக் காட்டிக் குடுக்கணும்னு, நானும் மெசினப் போட்டுட்டு சும்மா நிப்பேன்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலமே அவளை அனுப்பிவிட்டார்கள். ஏஜென்சி அவள் பெயருக்குப் பக்கத்தில் திருட்டுப் பார்வை என்று எழுதி மற்ற ஏஜென்சிகளுக்கும் தெரியப்படுத்தியது, அதற்கப்புறம் அவிநாசி ரோட்டில் ஒரு கட்டடத்திலும் அவளைச் சேர்க்கவில்லை. இரண்டு தடவை எனக்குப் போன் செய்தாள். இரண்டு தடவையும் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை அவள் கூப்பிடவில்லை. பதினோரு மாடியைக் காட்டி இன்னும் ஆறு கம்பெனி பிடித்தேன், ஒரு ஓட்டல் பிடித்தேன், இருபத்திரண்டு பேருக்கு வேலை கொடுத்தேன், புது வண்டி இரண்டு வாங்கினேன். ஆனால் கார்பெட்டில் கால் வைப்பதை நிறுத்திவிட்டேன். எந்த ஆபீசுக்குப் போனாலும் சுவரோரமாக, கார்பெட் முடிகிற இடத்தில் தெரிகிற நாலு விரற்கடைத் தரையில் நடந்து போனேன், கிளையன்ட்டுகள் அதைப் பார்த்து, தொழிலுக்கு என்ன மரியாதை என்றார்கள்.

மூன்று மாதம் கழித்து ரகோத்தமன் அறையைக் காதர் பாய் கழுவிவிட்டு வந்து, என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"மொதலாளி, உங்க ஜோடி எந்திரிச்சுச்சு. எடது ஷூவுல அந்த வெட்டு இருக்குமே, அது."

"எந்தப் பக்கம் போச்சு?"

அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார். அதற்குள் ஊரே எனக்குச் சொல்லத் தொடங்கிவிட்டது. அண்ணா, உங்க காலு பீளமேட்டுல பஸ்ஸுக்கு நின்னுச்சு. வேலப்பா, உன்ற காலு என்ற கடையத் தாண்டி விடுவிடுன்னு போச்சே, கூப்பிட்டாத் திரும்பலையே. சார், உங்க கால நேத்து சவுரிபாளையத்துல பாத்தேன், சர்ச்சுக்குப் பின்னால அந்த லைன் வீட்டுல, என்ன விசயமுங்க.

அங்கேதான் போய் நின்றிருந்தது. அமலாக்கா வீட்டு வாசலில், கதவைப் பார்த்து. அந்தச் சந்து அதற்கு ஒரு வாரத்தில் பழகியது: சைக்கிள் ஏறாமல் இருக்க யாரோ இரண்டு செங்கல்லை அண்டக் கொடுத்தார்கள், குடத்தோடு வருகிற பெண்கள் இடுப்பை ஒடித்து ஒதுங்கினார்கள், கேஸ் சிலிண்டர் போடுகிறவன் அதைத்தான் அடையாளமாகச் சொன்னான், கார்பெட்டுக்காரர் காலு நிக்குதே, அதுக்கு அடுத்த வீடு. மழை பெய்தது, தடம் கலையவில்லை.

நாற்பது நாள் விட்டேன். மனசு உறுத்தித்தான் போனேன் என்று சொன்னால் இன்னொரு பொய் ஆகும். ஓட்டல் மேனேஜர் ஒரு நாள் செக்கில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "உங்க காலு அந்தம்மா வீட்டுல என்ன பண்ணுது வேலப்பன், ஊர்ல ஒரு மாதிரிப் பேசிக்கறாங்க" என்றார். தொழில் கெட்டுவிடுமே என்று பயந்து, அதைக் கரைத்து வரலாம் என்றுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்கூட்டரில் போனேன்.

அமலாக்கா படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் துணி உலர்த்துவதை நிறுத்தினார்கள். நான் வணக்கம்கூடச் சொல்லாமல் நேராகப் போய் என் தடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். கரையவில்லை. அதன்மேலேயே ஏறி நின்றேன். வெட்டுக்கு வெட்டு பொருந்தியது. கரையவில்லை.

"உங்க காலு வந்து நாப்பது நாளாச்சுங்க தம்பி" என்றாள். "நீங்கதான் இன்னும் வந்து சேரல."

"வந்துட்டனேக்கா."

அவள் ஒரு காம்பை உருவி முறத்தில் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரி, "மேல் பாதி வந்திருக்குதுக்கா" என்றாள், மற்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் செய்தேன். "அக்கா, எங்கிட்டயே சூப்பர்வைசரா வந்துருங்க. பழைய சம்பளத்துக்கு ஒண்ணரை மடங்கு." அவள் அடுத்த காம்பை எடுத்தாள். "இரண்டு மடங்கு." தடம் அசையவில்லை. "செரி, நான் போயிச் சொல்லீர்றேன், கேட்டது நான்தான்னு. மார்ச்சுல கான்ட்ராக்ட் புதுப்பிக்கட்டும், புதுப்பிச்ச மறுநாள் போறேன்." அசையவில்லை. "அடுத்த மாசம்." "வர்ற புதன்கிழமை." என் குரல் ஏறிக்கொண்டே போனது எனக்குக் கேட்டது. "இருபத்திரண்டு குடும்பம் இருக்குதுக்கா எங்கிட்ட, அதையும் பாக்கோணுமில்ல."

அவள் அப்போதுதான் தலையைத் தூக்கினாள். "எங்கிட்ட ஏன் பேரம் பேசறீங்க? நான் ஒண்ணுமே கேக்கலியே."

கேட்கவில்லைதான். அவள் என்றைக்கும் எதுவும் கேட்டதில்லை. நான் கீழே பார்த்தேன். நான் வாழ்நாள் முழுவதும் பேசின எதிராளிகளில் இறங்கி வராத ஒரே ஆள் என் ஷூவுக்கு அடியில் நின்றுகொண்டிருந்தான், அவனுக்குக் கண்ணும் இல்லை பார்ப்பதற்கு. அன்றைக்கு அந்த அறையில், நான் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், என் கால் இரண்டும் இங்கே ஓடிவரத் துடித்திருக்கின்றன, நான் அவற்றைக் கார்பெட்டில் அழுத்திப் பிடித்திருக்கிறேன். அதை நினைத்தபோது காது மடல் சுட்டது. கம்பெனிக்காரர்களைக் கூசவைக்கத் தெரிந்த எனக்குக் கூச்சம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அதுவரை தெரியாது.

போனை எடுத்து ரகோத்தமன் நம்பரைப் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன், அவள் கேட்கட்டும் என்று. இரண்டு ரிங் போனதும் பயந்து வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரிகள் துணி உலர்த்தப் போகவில்லை. மறுபடி போட்டேன்.

"சொல்லுங்க வேலப்பன். சண்டே கூட வேலையா?"

"சார், அந்த எட்டே கால் விசயம். அந்தம்மா தானா படிக்கல. நான்தான் படிக்கச் சொன்னேன். அவங்க மாட்டேன்னாங்க, நான் கோவப்பட்டுப் படிக்க வச்சேன். அப்பறம் உங்க முன்னால அவங்களப் பத்தி ஒண்ணு சொன்னேன், அது எனக்கு நானே சொல்லியிருக்க வேண்டியது."

அவர் மூச்சு விடுவது சந்து முழுக்கக் கேட்டது.

"இது போன்ல முடியற விஷயமில்ல. நான் ஆபீஸ்லதான் இருக்கேன். நேர்ல வந்து எழுதிக் குடுங்க. எழுதிக் குடுத்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியுங்க சார்."

போனை வைத்தபோது என் ஷூவுக்கு அடியில் ஏதோ நழுவியது. தடம் எனக்கு முன்னால் போய், செங்கல்லைத் தாண்டி, சந்து முனைக்குத் திரும்பி நின்றது. "அக்கா, நீங்களும் வர்றீங்களா?" என்றேன்.

"நான் எதுக்கு. நான் சொல்ல வேண்டியத அன்னிக்கே சொல்லீட்டேன்." முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, கதவையும் சாத்தவில்லை.

ஸ்கூட்டரை எடுக்கலாம் என்றுதான் போனேன், தடமோ ரகோத்தமன் ஆபீஸ் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தது, அதை முந்திக்கொண்டு போக எனக்கு முகமில்லை. நடந்தேன். சந்தைத் தாண்டி, சர்ச்சைத் தாண்டி, பூசை முடிந்து வந்தவர்கள் நடுவில், அது முன்னால், நான் பின்னால். தடங்கள் தனியாகப் போவதை இந்த ஊர் இரண்டு வருசமாகப் பார்த்திருக்கிறது. தன் தடத்துக்குப் பின்னால் ஆளும் நடந்து போவதை யாரும் பார்த்ததில்லை. டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்தார்கள். பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த இரண்டு கிளையன்ட்டுகள் காரை மெதுவாக்கி, அடையாளம் தெரிந்ததும் வேகமாகப் போனார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

ஹோப்ஸ் சிக்னலில் டிராபிக் போலீஸ்காரர், தடம் வருவதைப் பார்த்து, பழக்கத்தில் கையை நீட்டி வண்டிகளை நிறுத்தினார். அது ரோட்டைக் கடக்கத் தொடங்கியது. பின்னால் வந்த என்னைப் பார்த்து அவர் நீட்டின கையைக் கொஞ்சம் தணித்தார்.

"இது யார் காலுங்க, உங்களதா?"

நாலு பக்கமும் வண்டிகள் நின்றிருந்தன. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னுதுதானுங்க" என்றேன்.